நிலக்கரி மலையில் நல்ல தண்ணீர் கேட்பது எப்படி? அப்பலாச்சியா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியைப் பற்றியது: மேற்கு வர்ஜீனியா, கிழக்குக் கென்டக்கி, தென்மேற்கு வர்ஜீனியா, டென்னசியின் ஒரு பகுதி. நூறாண்டுக்கும் மேலாக நிலக்கரி எடுக்கப்படும் இந்த ஊர்களில் குடிதண்ணீருக்காகச் சாதாரண மக்கள் சட்டமன்றத்திலும் வாஷிங்டனிலும் நேரில் போய்ப் பேசுகிறார்கள். அங்கே குடியேறிய தமிழர்களும், இங்கிருந்து கவனிக்கும் சூழல் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறோம். ‘காங்கிரஸ்’ என்று வரும் இடமெல்லாம் அமெரிக்க நாடாளுமன்றத்தைக் குறிக்கும்.

நிலக்கரி தோண்டுறதுக்கும் வீட்டுக் குழாய்ல வர்ற தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?

கரிப் பாறையில் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் இருக்கிறது. மண்ணுக்குள் மூடிக் கிடக்கும் வரை அதனால் தொல்லை இல்லை. தோண்டி எடுத்ததும் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறுகிறது. அந்த அமிலம் பாறையிலிருந்து மாங்கனீசு, அலுமினியம் போன்றவற்றையும் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வருகிறது. ஓடைக் கற்களில் படியும் ஆரஞ்சுச் சேற்றுக்குக் காரணம் இதுதான். சுரங்கத்தை மூடிப் பல பத்தாண்டுகள் கழித்தும் இது நிற்பதில்லை.

மலையுச்சியை வெடிவைத்து அகற்றும் முறையில் சிக்கல் வேறு விதமானது. உடைத்த பாறையைப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டுகிறார்கள்; ‘பள்ளத்தாக்கு நிரப்பு’ என்பது இதுதான். இப்படி ஏறத்தாழ 2,000 மைல் நீள ஊற்றோடைகள் புதைந்துபோயின என்பது மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ.வின் மதிப்பீடு. கொட்டிய பாறைக்குள் ஊறி வெளியே வரும் நீர் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்; அமிலமும் இருக்காது. ஆனால் சல்பேட்டும் மற்ற உப்புகளும், சில இடங்களில் செலினியமும் அதில் கூடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாததால்தான் இதைப் பற்றி அதிகாரிகளை நம்ப வைப்பது கடினமாகிறது.

மூன்றாவது, கரி கழுவிய குழம்பு. அதை அணை கட்டித் தேக்குகிறார்கள். பழைய சுரங்கத்துக்குள் செலுத்தியும் விடுகிறார்கள். 1972 பிப்ரவரி 26 அன்று மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் அப்படிப்பட்ட அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். 2000 அக்டோபரில் கென்டக்கியின் மார்ட்டின் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) சுமார் 30 கோடி காலன் குழம்பு ஆற்றில் கலந்தது. மேற்கு வர்ஜீனியாவின் மிங்கோ கவுண்டியில் ரால் முதலான சிற்றூர்களின் கிணறுகள், நிலத்தடியில் செலுத்திய குழம்பால் கெட்டன என்று மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். பல ஆண்டுகள் நடந்த அந்த வழக்கு 2011இல் சமரசத்தில் முடிந்தது.

லாபின்னாலே பணம் கொடுத்துக் காரியம் சாதிக்கிறதுதானே? சாதாரண ஜனங்க அதை எப்படிச் செய்றது?

லாபி என்பது சட்டம் செய்பவரிடம் போய் ‘இதைச் செய்யுங்கள்’ என்று கேட்பது, அவ்வளவுதான். அரசிடம் குறை தீர்க்கக் கேட்கும் உரிமை அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்திலேயே இருக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு இதையே தொழிலாகச் செய்கிறவர்கள்தான் மத்தியச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். சொந்த ஊர்த் தண்ணீருக்காகப் பேசப் போகிறவருக்குப் பதிவும் வேண்டாம், கட்டணமும் இல்லை.

பணத்துக்கு அங்கே வலிமை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் நிறுவனத்தின் ஆளிடம் இல்லாத ஒன்று ஊர்க்காரரிடம் இருக்கிறது: தொகுதி முகவரி. வரவேற்பு மேசையில் முதலில் கேட்பதே ‘எந்த ஊர்?’ என்பதைத்தான். பதில் அந்தத் தொகுதியாக இருந்தால் நடக்கும் பேச்சே வேறு.

யார்கிட்டப் போகணும்? எம்.பி.யா, அதிகாரியா, கோர்ட்டா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். வருடக்கணக்கில் உழைத்தும் பலன் காணாதவர்கள் பெரும்பாலும் தவறான கதவைத் தட்டியவர்கள். செனட்டரால் ஒரு கழிவுநீர்க் குட்டையை மூடச் சொல்ல முடியாது. ஆய்வாளரால் சட்டத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது.

சட்டம், நிதி இரண்டுக்கும் மக்கள் பிரதிநிதி. அனுமதி, ஆய்வு, அபராதம் மூன்றுக்கும் அதிகாரி: மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, வர்ஜீனியாவில் மாநில அரசின் துறை, டென்னசியில் 1984 முதல் மத்திய அரசின் ஓ.எஸ்.எம். எனப்படும் திறந்தவெளிச் சுரங்க அலுவலகமே நேரடியாக. அதிகாரியும் அசையாவிட்டால் நீதிமன்றம். 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டப்படி, விதிமீறலால் பாதிக்கப்படுகிற குடிமகன் தானே வழக்குப் போடலாம். அதற்கு 60 நாள் முன்னதாக நிறுவனத்துக்கும் மாநிலத்துக்கும் இ.பி.ஏ.வுக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். மீறல் இன்னும் தொடர்ந்துகொண்டிருக்க வேண்டும். மாநில அரசே ஏற்கெனவே வழக்குத் தொடுத்து முறையாக நடத்திவந்தால் உங்கள் வழக்கு நிற்காது. அபராதம் விதித்தால் அது கருவூலத்துக்குப் போகும், உங்களுக்கு வராது.

எங்க கிணத்துத் தண்ணி ஆரஞ்சு கலர்ல வருது. முதல்ல என்ன செய்யணும்?

குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்துங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் ஆவியாவதால் அதன் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும்.

அடுத்து ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், நிறம், வாடை, முந்தைய நாள் மழை, வெடிச்சத்தம் கேட்ட நேரம், கிணற்று நீர்மட்டம். தினமும் இரண்டு வரி போதும். மூன்று மாதம் கழித்து ‘எப்போது ஆரம்பித்தது?’ என்று ஆய்வாளர் கேட்கும்போது ஞாபகத்திலிருந்து சொல்லும் பதிலுக்கு மதிப்பில்லை, நோட்டுக்கு உண்டு. நிறம் மாறிய தண்ணீர் எல்லாமே சுரங்கத்தால் என்று முன்கூட்டியே முடிவு கட்டவும் வேண்டாம். இரும்பு பாக்டீரியாவும் துருப்பிடித்த உறைக்குழாயும் இதே நிறத்தைத் தரும். எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் வாதம் அதுதான். அதனால்தான் பரிசோதனை அவசியம்.

என்னென்ன டெஸ்ட் பண்ணணும்? லேப்ல நீளமா ஒரு லிஸ்ட் கொடுக்கிறாங்க.

குறைந்தபட்சம்: பி.எச். (அமிலத்தன்மையின் அளவு), மின்கடத்துதிறன் (கரைந்த உப்பு கூடக் கூட இது ஏறும்), மொத்தக் கரைந்த திடப்பொருள், சல்பேட், இரும்பு, மாங்கனீசு, அலுமினியம், ஆர்செனிக், ஈயம், செலினியம், பேரியம். இவற்றோடு கோலிஃபார்ம் கிருமியும் பாருங்கள். செப்டிக் தொட்டிக் கசிவு என்று பழி மாறாமல் இருக்க அது உதவும். சல்பேட்டும் மாங்கனீசும் சேர்ந்து உயர்ந்திருந்தால் சுரங்க நீரைச் சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு.

ஒப்பிட வேண்டிய எண்கள், லிட்டருக்கு மில்லிகிராமில்: இரும்பு 0.3, மாங்கனீசு 0.05, சல்பேட் 250, மொத்தக் கரைந்த திடப்பொருள் 500. இவை சுவை, நிறம் சார்ந்த பரிந்துரை அளவுகள். ஆர்செனிக் 0.010, செலினியம் 0.05 ஆகியவை உடல்நலம் சார்ந்த கட்டாய வரம்புகள். ஆனால் 1974இன் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் பொதுக் குழாய் அமைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும்: குறைந்தது 15 இணைப்பு, அல்லது குறைந்தது 25 பேர் உள்ளவை. தனியார் கிணற்றைச் சோதிப்பது யாருடைய கடமையும் அல்ல. மலையில் ஏராளமான வீடுகள் கிணற்றை நம்பியே இருப்பதால், இந்த ஓட்டை மிகப் பெரியது.

மாதிரியை மாநிலச் சான்று பெற்ற ஆய்வகத்தின் புட்டியில்தான் எடுக்க வேண்டும். உலோகத்துக்கான புட்டியில் நைட்ரிக் அமிலம் முன்பே ஊற்றியிருக்கும், அதைக் கழுவிவிடாதீர்கள். நீர் மென்மையாக்கும் கருவியையும் வடிகட்டியையும் தாண்டி வந்த தண்ணீரை எடுத்தால் பரிசோதனை வீண். கிணற்றிலிருந்து வரும் முதல் குழாயில், சில நிமிடம் ஓடவிட்டு எடுங்கள். பனிக்கட்டியில் வைத்து அனுப்புங்கள். புட்டி யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது மாறியது என்ற ஒப்படைப்புத் தாளில் இடைவெளி விழுந்தால், நல்ல முடிவும் விசாரணையில் நிற்காது.

நாங்களே ஓடைத் தண்ணிய அளந்தா யாராவது மதிப்பாங்களா?

முறையாக அளந்தால் மதிப்பார்கள். கையடக்க மின்கடத்துதிறன் மானி ஒன்று இதற்குப் போதும். கெடாத அப்பலாச்சிய மலையோடையில் இந்த எண் வழக்கமாகத் தாழ்ந்தே இருக்கும். சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோசீமன்சைத் தாண்டினால் ஓடைப் பூச்சியினங்கள் அழியத் தொடங்குகின்றன என்று இ.பி.ஏ. 2011இல் ஓர் எல்லை அளவை வெளியிட்டது. பள்ளத்தாக்கு நிரப்புக்குக் கீழே ஆயிரத்தைத் தாண்டிய எண்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன.

ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் 1413 மைக்ரோசீமன்ஸ் என்று அளவு தெரிந்த கரைசலில் மானியைச் சரிபார்த்து, அதையும் எழுதி வையுங்கள். சுரங்கத்துக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம், எப்போதும் இதே இரண்டும். மேலே எடுத்த எண் இல்லாமல் கீழே எடுத்த எண்ணால் எதையும் நிறுவ முடியாது. மழை பெய்த மறுநாள் உப்பு நீர்த்துப்போய் எண் குறையும், வறண்ட மாதத்தில் ஏறும். ஆகவே ஒரே ஒரு நாள் எண்ணை வைத்து வாதாடாதீர்கள். மாதம் ஒரு முறை, ஓராண்டு என்று வையுங்கள். பத்து மாதிரிக்கு ஒரு முறை, அதே இடத்தில் அதே நேரத்தில் இரண்டாவது மாதிரியும் எடுத்து ஒப்பிடுங்கள். பாலத்தடியிலோ பொதுச்சாலை ஓரத்திலோ எடுங்கள். தனியார் நிலத்தில் கால் வைத்துவிட்டால் பேச்சு தண்ணீரை விட்டு அத்துமீறலுக்குத் திரும்பிவிடும்.

கம்பெனியே அளந்து அரசுக்கு ரிப்போர்ட் கொடுக்குதே, அதை நாம பார்க்க முடியுமா?

முடியும், பார்த்தே ஆக வேண்டும். கழிவுநீர் வெளியேற்ற அனுமதி பெற்ற ஒவ்வொரு சுரங்கமும் ‘வெளியேற்றக் கண்காணிப்பு அறிக்கை’ தர வேண்டும். அது பொது ஆவணம். இ.பி.ஏ.வின் ‘எக்கோ’ இணையத் தளத்தில் அனுமதி எண்ணைக் கொண்டு தேடலாம். அங்கே கிடைக்காததை மாநிலத் துறைக்கு எழுதிக் கேட்டு வாங்கலாம்.

மீறலை மட்டும் தேடாதீர்கள். எண்கள் நம்பும்படி இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கென்டக்கியில் 2010இல் குடிமக்கள் அமைப்புகள் இந்த அறிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது, ஒரு காலாண்டின் எண்கள் அச்சு மாறாமல் அடுத்த காலாண்டிலும் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தது மாநில ஆய்வாளர் அல்ல, பொறுமையாக உட்கார்ந்து படித்தவர்கள். வழக்குக்கான 60 நாள் அறிவிப்பு அங்கிருந்துதான் கிளம்பியது.

ரிப்போர்ட்ல எல்லாம் வரம்புக்குள்ளதான் இருக்கு, ஆனா ஓடை செத்துக் கிடக்கு. அது எப்படி?

கரிச் சுரங்கங்களுக்கான மத்திய வெளியேற்ற விதி பி.எச்., இரும்பு, மாங்கனீசு, மிதக்கும் துகள் ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பழைய சுரங்கத்துக்கு இரும்பின் மாதச் சராசரி லிட்டருக்கு 3.5 மில்லிகிராம் வரை போகலாம். குடிநீர்ப் பரிந்துரையைப் போல இது பத்து மடங்குக்கும் மேல். சல்பேட்டுக்கும் மின்கடத்துதிறனுக்கும் அந்த விதியில் வரம்பே கிடையாது. ஆகவே ஒரு நிறுவனம் எந்த எண்ணையும் மீறாமலே ஓடையைக் கெடுக்க முடியும். அதிகாரியிடம் புகார் கொடுத்துத் தீராத வகை இது. இதற்குப் போக வேண்டிய கதவு சட்டம் செய்கிறவருடையது.

புகார் கொடுத்தா பேர் வெளிய வந்துருமா? எங்க வீட்லயே ரெண்டு பேர் சுரங்கத்துல வேலை பார்க்கிறாங்க.

ஓ.எஸ்.எம். அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் தரும்போது பெயரை இரகசியமாக வைக்கக் கேட்கலாம். விதியில் அதற்கு இடமுண்டு. அதே விதி புகார் கொடுத்தவர் ஆய்வாளரோடு சுரங்கத்துக்குள் போகும் உரிமையையும் தருகிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது: கூடப் போனால் இரகசியம் போய்விடும். வேலை பயம் உள்ள வீடுகளில், ஓய்வு பெற்ற ஒருவரோ ஊர் அமைப்போ புகாரைத் தங்கள் பெயரில் கொடுப்பது வழக்கம். சிற்றூரில் எந்தக் கிணறு என்று சொன்னாலே யார் வீடு என்று தெரிந்துவிடும். அதையும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்.

‘பத்து நாள் நோட்டீஸ்’னு சொல்றாங்களே, அது என்ன?

1977 ஆகஸ்டில் கையெழுத்தான திறந்தவெளிச் சுரங்கச் சட்டத்திலிருந்து வந்தது. மாநிலம் கண்காணிக்கும் சுரங்கத்தில் மீறல் இருப்பதாக நம்பக் காரணம் கிடைத்தால், ஓ.எஸ்.எம். மாநிலத்துக்கு அறிவிப்பு அனுப்பும். 10 நாளுக்குள் மாநிலம் நடவடிக்கை எடுக்க வேண்டும், அல்லது எடுக்காததற்கு ஏற்கத்தக்க காரணம் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மத்திய ஆய்வாளர் நேரில் வருவார். இதன் நடைமுறை விதி 2020இல் ஒரு முறையும் 2024இல் மறுபடியும் மாற்றப்பட்டது. எழுதும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘தண்ணீர் மோசம்’ என்று மட்டும் எழுதிய புகார் நகராது. அனுமதி எண், இடம், தேதி, படம், மீறப்பட்ட விதி ஆகியவை இருக்க வேண்டும்.

பக்கத்துல புதுச் சுரங்கம் வருதுன்னு பேப்பர்ல விளம்பரம் பார்த்தோம். இப்ப என்ன பண்ணலாம்?

உள்ளதிலேயே நல்ல நேரம் இதுதான். விண்ணப்பதாரர் உள்ளூர் செய்தித்தாளில் தொடர்ந்து நான்கு வாரம், வாரம் ஒரு முறை விளம்பரம் தர வேண்டும். கடைசி விளம்பரத்திலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லலாம், கலந்தாய்வுக் கூட்டமும் கேட்கலாம். கூட்டத்தை நீங்கள் கேட்டால்தான் நடத்துவார்கள்.

அந்த வாரமே கிணற்று நீரை மேலே சொன்ன பட்டியல்படி சோதித்து வையுங்கள். சுரங்கம் வருமுன் எடுத்த எண் இல்லாத கிணற்றுக்கு, பின்னால் ‘முன்பும் இப்படித்தான் இருந்தது’ என்ற ஒற்றை வரிப் பதிலே கிடைக்கும். அனுமதிப் பரப்பிலிருந்து அரை மைலுக்குள் வீடு இருந்தால், வெடிக்கு முந்தைய கட்டடக் கணக்கெடுப்பையும் கேட்டு வாங்குங்கள். அதில் கிணற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். மேலோட்டமாகத்தான் பார்ப்பார்கள், ஆனாலும் பதிவாகும்.

கிணறு கெட்டா கம்பெனியே மாத்துத் தண்ணி கொடுக்கணும்னு சட்டம் இருக்காமே?

இருக்கிறது. திறந்தவெளிச் சுரங்கத்தால் கிணறோ ஊற்றோ கெட்டால், வற்றினால் மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் கடமை. 1992இல் நிலத்தடிச் சுரங்கத்துக்கும் இது வந்தது: 1992 அக்டோபர் 24க்குப் பிறகு நடந்த தோண்டலாக இருக்க வேண்டும், கிணறு அனுமதி விண்ணப்பத்துக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீட்டுப் பயன்பாட்டுக்கான நீராக இருக்க வேண்டும். சிக்கல் காரணத்தை நிரூபிப்பதில்தான். முந்தைய பதிலில் சொன்ன பழைய எண் இங்கேதான் கைகொடுக்கும்.

சமரசத் தாளில் கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இப்போது கிடைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு ஈடாக எதிர்கால உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கும் வாசகம் உள்ளே இருக்கக்கூடும்.

எம்.பி. ஆபீஸ்ல எப்படி நேரம் வாங்குறது? போய் என்ன பேசுறது?

தொகுதி உறுப்பினருக்கு வாஷிங்டனில் ஓர் அலுவலகம், தொகுதியில் ஒன்றோ பலவோ. நேரம் ஒதுக்கும் உதவியாளருக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள்: யார் யார் வருகிறார்கள், எந்த ஊர், எந்த மசோதா. தபாலை நம்ப வேண்டாம். 2001இன் ஆந்த்ராக்ஸ் கடிதங்களுக்குப் பிறகு காங்கிரஸ் அலுவலகங்களுக்கு வரும் கடிதமெல்லாம் சோதனைக்குப் போய்த் தாமதமாகவே வந்து சேரும்.

கிடைப்பது 15 அல்லது 20 நிமிடம். நான்கு பேர் போதும். ஒருவர் ஊரையும் வீட்டையும் சொல்ல வேண்டும், ஒருவர் எண்களை, ஒருவர் கோரிக்கையை. நான்காமவர் குறிப்பு எடுக்க வேண்டும். யார் எதைச் சொல்வது என்று முதல் நாள் ஒத்திகை பார்க்காமல் போனால் எல்லாரும் முதல் கதையையே சொல்லி நேரம் முடிந்துவிடும். கையில் ஒரே ஒரு பக்கத் தாள்: மேலே கோரிக்கை, நடுவில் தொகுதி வரைபடமும் மூன்று எண்களும், கீழே தொடர்புக்கு ஒரு பெயர். ஆரஞ்சுத் தண்ணீர்ப் புட்டியைக் காட்ட விரும்புகிறவர்கள் உண்டு. அதன் படத்தைக் கொண்டுபோங்கள்; கட்டட வாசல் பாதுகாப்புச் சோதனையில் திரவத்தோடு நின்று நேரத்தைத் தொலைக்க வேண்டாம்.

கோரிக்கையைச் சொன்னதும் ‘ஆதரிப்பாரா?’ என்று நேராகக் கேளுங்கள். ‘பரிசீலிக்கிறோம்’ என்றால் ‘எப்போது விசாரிக்கலாம்?’ என்று தேதி வாங்குங்கள். தெரியாத கேள்விக்குத் தோன்றிய பதிலைச் சொல்லாதீர்கள். ‘இரண்டு நாளில் அனுப்புகிறோம்’ என்று சொல்லி, சொன்னபடி அனுப்புங்கள். நன்றி மின்னஞ்சல் அன்றே போகட்டும், அந்தத் தாளின் நகலோடு.

இவ்வளவு தூரம் போய் அசிஸ்டென்ட்டைத்தான் பார்க்க முடிஞ்சுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. உறுப்பினர் எப்படி வாக்களிக்கலாம் என்று குறிப்பு எழுதுவதே அந்தச் சட்டப் பணி உதவியாளர்தான். வயது இருபதுகளில் இருக்கும், ஒரே நேரத்தில் பல துறைகளைக் கவனிப்பார்; பள்ளத்தாக்கு நிரப்பு என்றால் என்னவென்று முதல் முறையாகக் கேட்கிறவராகக்கூட இருக்கலாம். அவருக்குப் பொறுமையாக விளக்குங்கள். உறுப்பினரை நேரில் பார்க்க வேண்டுமென்றால், காங்கிரஸ் விடுமுறையில் அவர் தொகுதிக்கு வரும் வாரங்களைப் பிடியுங்கள்.

‘எங்க தண்ணியக் காப்பாத்துங்க’ன்னு கேட்டா போதாதா?

போதாது. தண்ணீர் வேண்டாம் என்று எந்த உறுப்பினரும் சொல்லப் போவதில்லை, தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவார். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டிய கேள்வியாக இருக்க வேண்டும்: இந்த மசோதாவுக்கு இணை முன்மொழிபவராகக் கையெழுத்திடுவீர்களா? இந்தத் துறைக்கு இந்தக் கடிதத்தை எழுதுவீர்களா? எங்கள் கவுண்டியின் குழாய்த் திட்டத்தைத் தொகுதித் திட்ட நிதிப் பட்டியலில் சேர்ப்பீர்களா? கடைசியாகச் சொன்னதற்கு விண்ணப்பிக்க வேண்டியது ஊராட்சி போன்ற தகுதியுள்ள அமைப்பு. அதன் கெடு பெரும்பாலும் வசந்த காலத்தில் வரும், ஆகவே குளிர்காலத்திலேயே கேட்க வேண்டும்.

குறுகிய கோரிக்கை ஜெயித்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு ஸ்ட்ரீம் சட்டம். 2021இன் உள்கட்டமைப்புச் சட்டம் கைவிடப்பட்ட சுரங்கங்களைச் சீர்செய்ய சுமார் 1,130 கோடி டாலர் ஒதுக்கியது. ஆனால் அமில நீரைப் பல பத்தாண்டுகள் சுத்திகரிக்க, அந்தப் பணத்தை மாநிலங்கள் சேமித்து வைக்க வழியில்லை. 30 சதவீதம் வரை அதற்கென எடுத்து வைக்க அனுமதி வேண்டும் என்ற ஒரே திருத்தத்தைக் கேட்டார்கள். 2022 டிசம்பரில் இரு கட்சியினர் ஆதரவோடு அது சட்டமானது.

ஒரே மாதிரி மெயிலை ஆயிரம் பேர் அனுப்பினா பலன் உண்டா?

எண்ணிக்கையாகக் குறித்துக்கொள்வார்கள், அதற்கு மேல் இல்லை. அதே ஆயிரத்தில் இருபது பேர் சொந்த வார்த்தையில், தெருப் பெயரோடு எழுதினால் அந்த இருபதையும் படிப்பார்கள். துறையின் விதிக்கான கருத்துக் கேட்பில் வித்தியாசம் இன்னும் பெரியது: குறிப்பான, ஆதாரமுள்ள ஆட்சேபத்துக்குத் துறை பதில் சொல்லியாக வேண்டும். நகலெடுத்த வரிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில்தான்.

‘சுரங்கத்தை மூடினா வேலை போயிரும்’னு சொல்றாங்க. அதுக்கு என்ன பதில்?

அந்தக் கவலை நிஜமானது; அதைக் கிண்டல் செய்கிற குழு அந்த ஊரில் மறுபடி பேச முடியாது. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளையும் அதே கிணற்றில்தான் குடிக்கிறது. கூட்டத்துக்கு ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவரை அழைத்துப்போவது எந்தப் புள்ளிவிவரத்தையும் விடப் பலமானது.

உண்மை நிலவரமும் தெரிந்திருக்க வேண்டும். 1940களில் மேற்கு வர்ஜீனியாவில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கரிச் சுரங்கத்தில் இருந்தார்கள். பெருவாரியான வேலையிழப்பு இயந்திரங்கள் வந்தபோது, இன்றைய நீர் விதிகளுக்கெல்லாம் முன்பே தொடங்கிவிட்டது. மலையுச்சி அகற்றலே குறைந்த ஆட்களைக் கொண்டு அதிகக் கரி எடுக்கும் முறை. நீங்கள் கேட்பது ‘சுரங்கத்தை மூடு’ என்பதா, ‘தண்ணீரைக் கெடுக்காமல் எடு’ என்பதா என்று குழுவுக்குள் முதலில் முடிவு செய்யுங்கள். அலுவலக அறையில் உட்கார்ந்த பிறகு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் கூட்டம் அத்தோடு முடிந்தது.

நான் கிரீன் கார்டுல இருக்கேன், மனைவி விசாவுல. நாங்க போய்ப் பேசலாமா?

பேசலாம். கேட்கும் உரிமை வாக்காளருக்கு மட்டும் உரியதல்ல. தொகுதியில் குடியிருக்கிறவர் எல்லாருக்கும் அந்த உறுப்பினரே பிரதிநிதி. வாக்களிப்பது இருவருக்கும் கூடாது. தேர்தல் நிதி கிரீன் கார்டு உள்ளவர் தரலாம், விசாவில் இருப்பவர் தரக்கூடாது. கைது நேரக்கூடிய மறியல் போன்றவற்றில் விசாக்காரர் கலந்துகொள்ளும் முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்பது நல்லது.

எங்க சங்கம் வரிவிலக்கு வாங்கினது. லாபி பண்ணினா விலக்கு போயிருமா?

தேர்தலில் வேட்பாளரை ஆதரித்தாலோ எதிர்த்தாலோ போகும். சட்டத்துக்காகப் பேசுவது அளவோடு அனுமதிக்கப்பட்டதே. ‘எச் தேர்வு’ எனப்படும் எளிய படிவத்தை வருமான வரித் துறைக்குக் கொடுத்துவிட்டால் அளவு தெளிவாகிவிடும்: சங்கத்தின் செலவில் முதல் 5 லட்சம் டாலருக்கு 20 சதவீதம் வரை, அதில் பொதுமக்களைத் தூண்டி எழுதச் சொல்லும் வகைக்குக் கால் பங்கு. சம்பளமில்லாத தொண்டரின் நேரம் செலவுக் கணக்கில் வராது. துறையின் விதிகளுக்குக் கருத்து அனுப்புவதும் அனுமதியை எதிர்ப்பதும் இந்தக் கணக்கில் லாபியே அல்ல.

இத்தனை வருஷமாப் போயும் பெரிய சட்டம் எதுவும் வரலையே?

வரவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. 2002இல் ‘நிரப்புப் பொருள்’ என்ற சொல்லின் விளக்கத்தை அரசு மாற்றி, சுரங்கக் கழிவை ஓடையில் கொட்ட வழி செய்தது. அதைத் திருப்ப, அதே ஆண்டு ஃபிராங்க் பலோன், கிறிஸ்டோபர் ஷேஸ் என்ற இரு கட்சி உறுப்பினர்கள் தூய நீர்ப் பாதுகாப்பு மசோதாவைக் கொண்டுவந்தார்கள். ஆண்டுதோறும் மலையூர் மக்கள் பேருந்தில் வாஷிங்டன் போய் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கி, 2009-10இல் 150க்கும் மேற்பட்ட இணை முன்மொழிபவர்களைச் சேர்த்தார்கள். ஆனாலும் அது வாக்கெடுப்புக்கு வரவில்லை.

அந்த உழைப்பு வேறு இடத்தில் பலித்ததைக் கவனியுங்கள். 2011 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவின் லோகன் கவுண்டியில் ஸ்புரூஸ் எண் 1 சுரங்கத்துக்கான நிரப்பு அனுமதியை இ.பி.ஏ. ரத்து செய்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் அந்த அதிகாரத்தையும் 2016இல் அந்த முடிவையும் ஏற்றது. மாநில அளவில் இன்னும் முந்தைய முன்னுதாரணம் உண்டு. கென்டக்கியில் பழைய கனிம உரிமைப் பத்திரத்தைக் காட்டி, நில உடைமையாளரின் சம்மதமில்லாமலே மேல் நிலத்தைத் தோண்டி வந்தார்கள். 1981இல் தொடங்கிய ‘கென்டக்கியன்ஸ் ஃபார் த காமன்வெல்த்’ என்ற மக்கள் அமைப்பு விடாமல் பிரசாரம் செய்து, 1988இல் அதைத் தடுக்கும் மாநில சாசனத் திருத்தத்துக்கு 80 சதவீதத்துக்கும் மேல் வாக்கு வாங்கியது.

வந்த விதியையும் தூக்கிட்டாங்களே. அப்புறம் எதுக்குப் போகணும்?

ஓடைப் பாதுகாப்பு விதி 2016 டிசம்பரில் வெளியானது. 2017 பிப்ரவரியில் காங்கிரஸ் இரு அவைகளிலும் வாக்களித்து அதை நீக்கியது. செனட்டில் 54க்கு 45. நீக்கப் பயன்படுத்திய சட்டம், புதுச் சட்டம் இல்லாமல் ஏறக்குறைய அதே விதியை மறுபடி கொண்டுவரவும் தடை போடுகிறது. மேற்கு வர்ஜீனியாவிலும் இப்படித்தான். 2014 ஜனவரி 9இல் கரி கழுவும் வேதிப்பொருள் சேமிப்புத் தொட்டியிலிருந்து கசிந்து எல்க் ஆற்றில் கலந்து சுமார் 3 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைத் தொட முடியாமல் போனது. இரண்டே மாதத்தில் கடுமையான தொட்டிச் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டே, ஊர் கவனம் குறைந்ததும், அதன் கீழ் வரும் தொட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். நிறைவேறிய மறுநாள் கூட்டத்தைக் கலைத்துவிட்டால் நடப்பது இது.

ஆகவே வேலைக்கு ஒரு நாட்காட்டி வேண்டும். காங்கிரஸின் காலம் இரண்டாண்டு; அது முடிந்ததும் நிறைவேறாத மசோதாவெல்லாம் காலாவதியாகிவிடும். ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரியில் புது எண்ணோடு தொடங்கி, இணை முன்மொழிந்தவர்களை மறுபடி கேட்க வேண்டும். போன முறை கையெழுத்திட்டவர் தானாக இடமாட்டார். கென்டக்கி சட்டமன்றம் இரட்டைப்படை ஆண்டில் 60 நாளும் ஒற்றைப்படை ஆண்டில் 30 நாளும் மட்டுமே கூடும். மேற்கு வர்ஜீனியாவில் 60 நாள். அதற்குள் குழு விசாரணைத் தேதி ஓரிரு நாள் அவகாசத்தில் அறிவிக்கப்படும். யார் உடனே காரை எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடியவர் என்ற பட்டியல் டிசம்பரிலேயே தயாராக இருக்கட்டும். மானியில் எடுத்த ஓராண்டு எண்களை அந்த மாதமே ஒரு பக்கத் தாளில் ஏற்றிவிடுங்கள்.